மழை கிராணி வேலை பார்த்த வருஷம்

மழையை அளக்கிற வேலை மாதிரி ஒரு வேலை கிடையாதுங்க. ஊரே ஓடி ஒதுங்குற நேரத்துலதான் நமக்கு டியூட்டியே ஆரம்பிக்கும். தபால் சுமந்தவங்க, ரோட்டுக்குத் தார் ஊத்தினவங்க, கொழுந்துக் கூடையோட மலை ஏறினவங்க, யாரா இருந்தாலும் சரி, ஈரச் சட்டையோட நின்னு மேலதிகாரிக்குப் பதில் சொல்லியிருந்தா நீங்க நம்ம ஆளுதான். கொஞ்சம் உக்காந்து கேளுங்க.

கேமரன் மலையில இன்னைக்குப் பல்கலைக்கழகத்தோட வானிலை ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு நிக்குது. அது எப்படி வந்துச்சுன்னு கேக்கறவங்க, பெரிய பெரிய மெஷின், பெரிய பெரிய படிப்பாளின்னு நினைச்சுக்கறாங்க. அட, அதெல்லாம் பின்னாடி வந்தது. மலாயாவுல கம்யூனிஸ்ட்காரங்க காட்டுக்குள்ள இருந்து சண்டை போட்ட எமர்ஜென்சி காலத்துல, தேயிலைத் தோட்டத்து மேட்டுல, ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு செம்பு டப்பா, ஒரு நான். ஆரம்பம் அவ்வளவுதான்!

பெட்டி வந்த நாள்

அப்போ எனக்கு இருபத்திமூணு வயசு. கொழுந்து நிறுக்கிற தராசுக்குப் பக்கத்துல நின்னு, கிராணிக்கு, அதான் தோட்டத்து ஆபீஸ் கணக்கருக்கு, ராத்தல் எழுதிக் கொடுக்கற வேலை. தாப்பா ரோட்டுல எந்த வளைவுல எவன் சுடுவான்னு தெரியாத காலம். அதனால லோரிங்க எல்லாம் கூட்டமா, முன்னாலயும் பின்னாலயும் பட்டாளத்து வண்டியோடதான் மலை ஏறும். அப்படி வந்த ஒரு லோரியில, அரிசி மூட்டைக்கு நடுவுல, ஒரு வெள்ளைக்காரர் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியராம். மேகத்தைப் படிக்க வந்திருக்காராம். இறங்கி அஞ்சு நிமிஷம் ஆகலை, எங்க வரிசை வீட்டு லயத்துல அவருக்கு 'மேகத் துரை'ன்னு பேர் வச்சுட்டாங்க.

இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும்னு கேட்டார். தானா ராத்தா இங்கிலீஷ் ஸ்கூல்ல ஏழாவது வரைக்கும் போனவன் நான் ஒருத்தன்தான். என்னைக் கூட்டிக்கிட்டு வேலிக்கு வெளியே காட்டோரத்து மேட்டுக்கு ஏறினார். பெட்டிக்குள்ள தெர்மாமீட்டர், தரையில மழை பிடிக்கிற செம்பு டப்பா. "காலையில ஏழு மணி, சாயந்தரம் ஆறு மணி. ஒரு வருஷம். ஒரு வேளை கூட விடக்கூடாது. கணக்கு சுத்தமா இருந்தா பல்கலைக்கழகம் இங்கேயே நிலையம் கட்டும், உனக்கு அதுல நிரந்தர வேலை. ஒரு ஓட்டை விழுந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க"ன்னார். பெட்டிச் சாவியை என் கையில வச்சார் பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு! எங்கப்பாவும் அவரோட அப்பாவும் தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேற எதையும் கையில பிடிச்சதில்லை. இந்த வேலையை விடவே மாட்டேன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

ஓடி வந்து லயத்துல எல்லார்கிட்டயும் சாவியைக் காட்டினேன். பெரிய கங்காணி அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னார்: "ஏம்பா, பேயற மழைய நோட்டுல எழுதிட்டா மட்டும் நின்னுடவா போவுது? பெரிய கிராணி இருக்காரு, சின்ன கிராணி இருக்காரு, இப்ப மழை கிராணி வேறயா!"

காலி அலமாரி

மேட்டுல பெட்டிக்குப் பக்கத்துலேயே ஒரு காவல் கொட்டகை. அதுல மாட்னு ஒரு மலாய்க்கார எஸ்.சி., அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள், துப்பாக்கியோட காவல். என் வயசுதான் இருக்கும். நல்ல மனுஷன். என்னைப் பாத்தா பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான்.

மூணாவது வாரம். நல்லா வெயில் காயுது, காத்து வீசுது, ஆனா என் தெர்மாமீட்டர் மட்டும் ஈரம் நூத்துக்கு நூறுங்குது! நோட்டைப் பாக்கறேன், ஆகாயத்தைப் பாக்கறேன், தலை சுத்துது. மறுநாள் ஏழு மணிக்குப் பதிலா ஆறரைக்கே போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ரெண்டு ஜோடி பட்டாளத்துக் காலுறை, தெர்மாமீட்டர் மேல மாலை போட்ட மாதிரி தொங்குது! பூட்டின பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னா, பின்பக்கச் சட்டம் ரெண்டை மாட் நெம்பி எடுத்துட்டு, காஞ்சதும் திரும்பச் சொருகிடுவானாம். தலையில அடிச்சுக்கிட்டேன். மாட் ஓடி வந்தான், முகத்துல கோபம் இல்லை, ஆச்சரியம்தான். காலுறையை எடுத்துக்கிட்டே சொன்னான்: "அலமாரி கோசோங், காலின்னு நினைச்சேன் பாங். நாலு பக்கமும் காத்து வருது, மேல கூரை இருக்கு, உள்ளே ஒண்ணுமே இல்லை. துணி காயப்போட இல்லேன்னா இதை எதுக்குலா செஞ்சாங்க?"

ஈர பல்ப்

வாரத்துக்கு ஒரு தடவை நோட்டைப் பாத்து காகிதத்துல எண்ணெண்ணா எழுதித் தானா ராத்தா தபாலாபீசுல போடணும். வார்த்தையே கிடையாது, ஒவ்வொரு வரியும் அஞ்சஞ்சு இலக்கம். இப்போ நீங்களே சொல்லுங்க, எமர்ஜென்சி காலத்துல ஒருத்தன் சட்டைப் பையில அப்படி ஒரு காகிதம் இருந்தா போலீஸ் என்ன நினைக்கும்? ரோட்டுச் சோதனையில மாட்டினேன். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் காகிதத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள். காட்டுல இருக்கிறவங்களுக்கு ரகசியச் சேதி கொண்டு போறேன்னு முடிவே பண்ணிட்டாங்க. எனக்கோ சுடுவாங்கங்கிற பயத்தை விட, ஆறு மணிக்குள்ள மேட்டுக்குப் போகணுமேங்கிற பயம்!

"இந்த அறுபது என்ன?"ன்னு கேட்டார் கான்ஸ்டபிள். வெட் பல்புன்னேன். துணி சுத்தி நனைச்சு வைக்கிற தெர்மாமீட்டர்ங்க அது. அவர் "ஈர பல்ப்பா? உங்க லயத்துல கரண்டே இல்லை, பல்ப் எங்கடா வந்துச்சு?"ன்னு ஒரு அதட்டல். நான் அழாத குறை. "ஐயா, போன வியாழக்கிழமை வரியைப் பாருங்க, மழை எவ்வளவுன்னு போட்டிருக்கேன், அன்னைக்குப் பெஞ்சுதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும்"னேன். கான்ஸ்டபிள் சொன்னதும் இன்ஸ்பெக்டர் முகம் மாறிப் போச்சு. வியாழக்கிழமைதான் அவர் ஜீப் பள்ளத்துல இறங்கியிருக்கு. ரெண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மின்னு படிச்சுக் காட்டினேன். என்னை விட்டுட்டாங்க. ஆனா காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் ஏதோ முணுமுணுத்தார், கான்ஸ்டபிள் என் காதுல சொன்னார்: "ரெண்டு இஞ்சுதானான்னு கேக்கறார். ஜீப் போனதுக்கு மேலிடத்துக்கு ஆறு இஞ்சுன்னு எழுதிட்டாராம். கொஞ்சம் கூட்டிப் போட முடியுமாப்பா?"

செத்த பலூன்

மேகத் துரை மாசம் ஒரு தடவை வருவார். வந்தா திருவிழாதான்! பெரிய சிவப்பு பலூன்ல வாயுவை அடைச்சு விடுவார். அது எந்தப் பக்கம் போகுதுன்னு குழாய்க் கண்ணாடியில பாத்து, மேல காத்து எப்படி அடிக்குதுன்னு கணக்குப் போடுவார். மேகத்துக்கு நடுவுல தெரியணும்னா சிவப்புதான் வேணுமாம். முதல் பலூன் மேல போனதும் பக்கத்துத் தோட்டத்துத் துரை போன்ல கூப்பிட்டு, கம்யூனிஸ்ட்காரன் சிவப்புச் சைகை காட்டறான்னு பட்டாளத்தையே வரவழைச்சுட்டார். மேகத் துரை சிரிச்சுச் சிரிச்சு அங்கேயே புல்லுல உக்காந்துட்டார்.

ஆகாயத்துல வெடிச்ச பலூன் எங்கேயாவது விழணும் இல்லையா? திரிங்காப் காய்கறித் தோட்டத்துல விழுந்ததை முட்டைக்கோஸ் லோரிக்காரன் எடுத்துக்கிட்டு வந்து தானா ராத்தா ராவுத்தர் கடையில கொடுத்திருக்கான். நான் தேத்தண்ணி குடிக்கப் போனா, ஊறுகாய் ஜாடி வாயெல்லாம் சிவப்பு ரப்பர் கட்டியிருக்கு! இது எங்க ஆராய்ச்சிப் பலூன் ராவுத்தரேன்னு கத்தினேன். அவர் கொஞ்சம் கூடப் பதறலை: "தம்பி, செத்த பலூன் நல்லாத்தான் உழைக்குது. துரைகிட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் கெட்டி ரப்பரா விடச் சொல்லுங்க, எலுமிச்சை ஜாடிக்கு வாய் பெருசு."

ஆறு மணிக் கூவல்

எட்டாவது மாசம் வந்தது இடி. புது உத்தரவு. சாயந்தரம் அஞ்சு மணிக்கே லயத்து கேட்டை மூடிடணும். அதுக்கப்புறம் முள்ளுக்கம்பி வேலிக்கு வெளியே தெரியற ஆளைச் சுடலாம். என் பெட்டி வேலிக்கு வெளியே, மேட்டு மேல! ஆறு மணிக் கணக்கை யார் பாக்கறது? தோட்டத்துத் துரைகிட்டக் கெஞ்சினேன். பெட்டியை உள்ளே கொண்டு வந்துக்கோன்னார். இடம் மாறினா கணக்கு செல்லாதுங்க. எட்டு மாசக் கணக்கு பாழாயிடும்.

அப்புறம் மாட் ஞாபகம் வந்துச்சு. அவன் எப்படியும் ராத்திரி முழுக்க மேட்டுலதானே இருக்கான்? ரெண்டு நாள் பூரா உக்காந்து தெர்மாமீட்டர் பாக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு மணிக்கு அவன் பாத்துக் கூவணும், நான் வேலிக்குள்ள நின்னு எழுதணும். முதல் நாள் காத்து அடிக்கிற அடியில ஒண்ணும் கேக்கலை. மேட்டை ஒட்டின கடைசி வீட்டுல மாரியாயின்னு ஒரு அக்கா, கொழுந்து பறிக்கிறவங்க. அவங்க கூப்பிட்டா நாலு மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். மாட் "எனாம் புளோ துவா!"ன்னு கத்தினான், மாரியாயியக்கா "அறுபத்திரெண்டு!"ன்னு திருப்பிக் கத்தினாங்க, அதை அடுத்த வீடு வாங்கிக் கத்துச்சு, லயம் பூரா "அறுபத்திரெண்டு, அறுபத்திரெண்டு"ன்னு என்கிட்ட வந்து சேர்ந்துச்சு! எனக்குச் சந்தோஷத்துல எழுத்தே கோணலாப் போச்சு. மறுநாள்ல இருந்து எல்லாரும் அஞ்சே முக்காலுக்கே வாசலுக்கு வந்துடுவாங்க, வெத்தலை வச்சு இன்னைக்கு என்ன நம்பர்னு பந்தயம் வேற. மாரியாயியக்கா இடுப்புல கை வச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "இத்தினி வருசமா குளுருது குளுருதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், ஒருத்தன் காதுல வாங்கல. இன்னைக்குத்தான்டா அதுக்கு ஒரு நம்பரு கெடைச்சிருக்கு!"

டப்பாவுல தண்ணி

வருஷம் முடிய இன்னும் மூணே வாரம். நிலையமே வந்துட்ட மாதிரி நான் மிதந்துக்கிட்டிருக்கேன். பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு கடுதாசி. எழுதினது மேகத் துரை இல்லை, அவர் ஆபீஸ் ஆளு. பதினோரு நாள் 'மழை இல்லை'ன்னு நீயே எழுதியிருக்கே, அதே பதினோரு நாள் காலையில டப்பாவுல தண்ணி இருந்துச்சுன்னும் நீயே எழுதியிருக்கே. மழை இல்லாம தண்ணி எப்படி வரும்? யாரோ ஊத்தியிருக்காங்க. அடுத்த லோரிக் கூட்டத்துல பேராசிரியர் வர்றார், சரியான விளக்கம் இல்லேன்னா மொத்தக் கணக்கும் தள்ளுபடி, பெட்டி திரும்பிடும்.

நோட்டை எடுத்துத் தேதி தேதியாப் பாத்தேன். ரெண்டும் உண்மைங்க! தினமும் காலையில மாட்கிட்ட ராத்திரி மழை உண்டான்னு கேப்பேன். இல்லைன்னா இல்லைன்னு எழுதுவேன். டப்பாவைத் திறப்பேன், தண்ணி இருந்தா அதையும் எழுதுவேன். கண்ணால பாத்ததை எழுதினேன், அது தப்பா? கடைசியில மாட் மேலேயே சந்தேகப்பட்டுக் கேட்டேன். "தண்ணி இருந்தா நான் குடிப்பேன்லா, டப்பாவுக்கு எதுக்குக் கொடுக்கறேன்?"னு முகத்தைத் திருப்பிக்கிட்டான். அவனையும் நோகடிச்சதுதான் மிச்சம்.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய்ப் புலம்பினேன். "சத்தியமா நான் ஊத்தலை, சத்தியமா மழையும் பெய்யலை, எவனும் நம்ப மாட்டேங்கறான்!" மாரியாயியக்கா தலையில இருந்து கூடையை இறக்கி வச்சுட்டு என்னையே பாத்தாங்க. "போன வருசம் இதே எடத்துல நின்னு நானும் இதையேதான் சொன்னேன். நீ என்ன எழுதுன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஞாபகம் இருந்துச்சுங்க. காட்டோரத்து நெரையில, அதான் தேயிலை வரிசையில, பறிச்ச கொழுந்து, சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. அன்னைக்குக் காலையில மழை கிடையாது. எடை கூடறதுக்காகக் கொழுந்துல தண்ணி தெளிச்சுக் கொண்டாந்திருக்கான்னு பெரிய கங்காணி கத்தினார். மாரியாயியக்கா, மழை இல்லை, ஆனா மரம் கொட்டுச்சுன்னு என்னென்னவோ சொன்னாங்க. நான் காதுலயே வாங்கலை. 'தண்ணி தெளிச்ச கொழுந்து'ன்னு எழுதினது இந்தக் கைதான். அன்னைக்கு அவங்களுக்கு அரை நாள் கூலி போச்சு. இப்போ கடுதாசியில அதே பழி எனக்கு வந்திருக்கு. வெக்கமா இருந்துச்சு எனக்கு, நிமிர்ந்து பாக்க முடியலை. அக்கா கூடையைத் திரும்பத் தூக்கிக்கிட்டே சொன்னாங்க: "நாளைக்கு கேட் தொறந்ததும் எங்கூட மேட்டுக்கு வா. இப்பவாச்சும் காட்டுறத பாரு."

மரமழை

மறுநாள் விடிஞ்சதும் போனோம். நல்ல மூடுபனி. திறந்த வெளியில ஒரு பொட்டுத் தண்ணி கிடையாது, புல்லுல நடந்தா செருப்பு நனையுது, அவ்வளவுதான். காட்டோரம் வந்தோம். மரத்தடியில கால் வச்சதும் தலையில சொட்டுச் சொட்டா விழுது. சடசடன்னு மழைச் சத்தமே கேக்குது! "இது மழை இல்ல, மரமழை. மேகம் வந்து எலையில ஒட்டும், மரம் அதைப் புடிச்சிக் கீழ கொட்டும். காட்டோரத்து நெரைக்காரிங்க எல்லாருக்கும் தெரியும்"னாங்க. அப்புறம் விரலை நீட்டி என் செம்பு டப்பாவுக்கு மேல காட்டினாங்க. மேகத் துரை கடைசியா வந்துட்டுப் போனப்புறம் ஒரு பெருங்காத்துல சாஞ்ச கிளை ஒண்ணு, நேரா டப்பா மேல தொங்குது. டப்பாவுக்குப் பக்கத்துல எந்த மரமும் இருக்கக் கூடாதுன்னு மேகத் துரை முதல் நாளே சொன்னதுதான். வெயிலுக்கு நிழலா இருக்கேன்னு சாக்குச் சொல்லி, சோம்பல்பட்டு நான் வெட்டாம விட்டுட்டேன்!

அப்போ தப்பு என்னோடது. அடுத்த ரெண்டு நாள் வேகாத சோறு மாதிரி கிடந்தேன். துரை வர்ற அன்னைக்குக் காலையில பாராங் கத்தியை எடுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடினேன். கிளையை வெட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது, ஏதோ பொய் சொல்லிக்கலாம்னு ஒரு நினைப்பு. கையை ஓங்கிட்டேன், வெட்ட மனசு வரலை. மாரியாயியக்கா காட்டின ஒரே சாட்சியும் அந்தக் கிளைதானே? அப்படியே ஓங்கின கையோட நிக்கறேன், பின்னால மேகத் துரை, பெரிய கங்காணி, தோட்டத்துத் துரை எல்லாரும் வந்துட்டாங்க. காட்டோரத்து நெரைக்குப் போற மாரியாயியக்காவும் கூடையோட வந்து நின்னாங்க. வேற வழியில்லை. எல்லாத்தையும் கொட்டிட்டேன். கிளையை வெட்டாதது, மரம் கொட்டறது, மாரியாயியக்காவை நான் தண்ணி தெளிச்சவங்கன்னு எழுதினது, ஒண்ணு விடலை.

மேகத் துரை டப்பாவைத் தள்ளி வச்சுட்டு, அது இருந்த இடத்துல அவரே மண்டி போட்டு உக்காந்து முகத்தை மேல தூக்கினார். மூடுபனி வந்துச்சு. ஒரு சொட்டு கண்ணாடி மேல விழுந்துச்சு. இன்னொண்ணு. அப்புறம் மூக்கு, நெத்தி, சட்டை. நான் பயந்து போய்க் கத்தியைத் தூக்கி இப்பவே வெட்டிடறேன் துரைன்னேன். "வெட்டாதே!"ன்னு ஒரு கத்து கத்தினார் பாருங்க, மாட் துப்பாக்கியை எடுத்துட்டான்! எழுந்து குதிக்கிறார் மனுஷன். அவ்வளவு தண்ணியும் மழை இல்லாம மேகத்துல இருந்து நேரா வருது, இதை இங்கே யாரும் அளந்ததே இல்லை, பதினோரு நாளும் செல்லும், தனியா எழுதுவோம், மரத்தடியில ஒரு டப்பா, வெளியில ஒரு டப்பா, நிலையத்தை இங்கேயேதான் கட்டுவோம்ங்கிறார்! எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. மாட் தகர டப்பாவை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சுட்டான்.

இதுக்கு உங்க பாஷையில என்ன பேர்னு மாரியாயியக்காகிட்டக் கேட்டார். சொன்னாங்க. "மரமலை"ன்னார். மலை இல்லைங்க, மழைன்னேன். "மரமலை"ன்னார் திரும்ப. விட்டுட்டோம். நோட்டை எடுத்து அதையே தலைப்பாப் போட்டு அடிக்கோடு போட்டார். இது பெரிய ஆராய்ச்சின்னு அவர் சொல்லச் சொல்ல, நான் தமிழ்ல சொன்னேன். பெரிய கங்காணி தலையை ஆட்டி, ஆமாமா, பெரிய ஆராய்ச்சி, நான் அப்பவே நினைச்சேன்னார். மாரியாயியக்கா அவரையும் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. கோபப்படலை, சிரிக்கவும் இல்லை. முந்தானையால முகத்துல விழுந்த சொட்டைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டாங்க: "நாங்க சொன்னா தண்ணி தெளிச்சது, தொர சொன்னா ஆராய்ச்சியா லா?"

ஆக, அந்த மலையில பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிலையமே எழும்பினதுக்குக் காரணம், நான் சோம்பேறித்தனத்துல வெட்டாம விட்ட ஒரு கிளையும், திமிருல நம்பாம விட்ட ஒரு பொம்பளையும்தான்.